கால் நிலைக்க, பீடி போகவேண்டும்

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. இருபது வருஷமாகப் பீடி குடிக்கிறார். கொஞ்சதூரம் நடந்தாலே கெண்டைக்கால் கடுத்து நின்றுவிடுகிறார். இரண்டு மாதமாக வலதுகால் பெருவிரலில் ஆறாத புண். ராத்திரி வலியில் உறக்கமே இல்லை. சர்க்கரை இல்லை. ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்கிறார்கள். ஹார்மோன் ஊசி போட்டால் புதுக் குழாய் வளரும், விரலை எடுக்க வேண்டாம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். உண்மைதானா?
- ஒரு வாசகி, திற்பரப்பு

பதில்: சகோதரி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும்போதும் வலி, கூடவே ஆறாத புண் என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. இந்த வாரமே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாப்ளர் ஸ்கேனும் தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராமும் எடுத்தால், அடைப்பு எங்கே, எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

50 வயதுக்குள் இருக்கும், புகைக்கும் ஆண்களுக்கு இப்படி வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது பர்ஜர் நோயை. 1908இல் நியூயார்க் மருத்துவர் லியோ பர்ஜர் இதை விவரித்தார். கை, கால்களின் சிறிய, நடுத்தர ரத்தக்குழாய்கள் அழற்சியடைந்து, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். நுனிக் குழாய்களே அடைபடுவதால் பைபாஸ் அறுவை பலருக்குச் சாத்தியப்படுவதில்லை.

இனி ஊசி. ஆக்சிஜன் போதாத தசை சில புரதங்களைச் சுரந்து, அருகிலுள்ள குழாய்களைக் கிளைவிடத் தூண்டும். இவற்றை வளர்ச்சிக் காரணிகள் என்கிறோம். செல்கள் ஆக்சிஜன் குறைவை உணரும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் காரணிகளின் மரபணுவைக் காலில் செலுத்தும் முயற்சியை 1990களில் பாஸ்டனில் ஜெஃப்ரி ஐஸ்னர் தொடங்கினார். நம்பிக்கை பெரிதாக இருந்தது. ஆனால் 500க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ‘டமாரிஸ்’ ஆய்வின் முடிவு 2011இல் வந்தபோது, அந்த ஊசி கால் இழப்பையோ மரணத்தையோ குறைக்கவில்லை என்று தெரிந்தது.

டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் இந்த அடைப்பைத் தீர்த்ததாகவும் நிரூபணம் இல்லை. யார் சொன்னாலும் வாங்கிப் போடாதீர்கள். மருத்துவமனையில் ரத்தக்குழாயை விரிக்கப் புராஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச்சொட்டாக ஏற்றுவதுண்டு. அது ஹார்மோன் போன்ற பொருள். உங்கள் உறவினர் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம்.

இந்தியாவில் ஒரு வழி இருக்கிறது. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டெம்பியூசெல்’ என்ற ஸ்டெம்செல் ஊசிக்குப் பர்ஜர் நோய்க்காக 2016இல் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களைக் கெண்டைக்கால் தசையில் செலுத்துவார்கள். உங்கள் கணவருக்கு அது பொருந்துமா என்பதை ரத்தநாள அறுவை நிபுணர்தான் சொல்ல முடியும்.

ஆனால், எந்த ஊசி போட்டாலும் பீடி தொடர்ந்தால் நோயும் தொடரும். 1990இல் வெளியான கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வைப் பாருங்கள். புகையிலையை விட்ட பர்ஜர் நோயாளிகளில் 94 சதவீதம் பேர் உறுப்பை இழக்கவில்லை. தொடர்ந்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு உறுப்பை எடுக்க நேர்ந்தது. குறைத்துக்கொண்டால் போதாது. நாளைக்கு ஒன்று, இரண்டுகூட நோயை உயிரோடு வைத்திருக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவதும் கூடாது. அவர் தனியாகப் போராட வேண்டாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

வலி குறைய வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்த கால் சட்டென்று வெந்துபோகும். புண்ணில் பச்சிலை, எண்ணெய் வேண்டாம். தோட்டத்துக்குள் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். புண் ஆறும்வரை நடைப்பயிற்சியும் வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்துப்போனால் சில மணி நேரமே அவகாசம். உடனே 108க்கு அழையுங்கள்.