பெயர் அறியாத நண்டு

மீன்தொட்டிக் கடைகளில் வண்ண மீன்களோடு சிறு நண்டுகளும் விற்கப்படுவதை மாணவர்கள் கண்டிருக்கக்கூடும். ‘இஃது என்ன நண்டு?’ என்று வினவினால், ‘நன்னீர் நண்டு’ என்பதற்கு மேல் விடை கிடைப்பது அரிது. வளர்ப்பவருக்கு அவ்விடை போதாது. சிவந்த கொடுக்குகளையுடைய ஒருவகை நண்டு, நன்னீர் நண்டு என்றே விற்கப்படுகிறது. உண்மையில் அஃது அலையாத்திக் காடுகளின் உவர்நீரில் வாழ்வது. வேறு சில நண்டுகள் பெரும்பொழுதை ஈரநிலத்தில் கழிப்பன. ஏறி நிற்கக் கல்லோ மண்ணோ இன்றித் தொட்டி முழுதும் நீர் நிரப்பினால் அவை மூச்சுமுட்டி இறந்துபோகும். நண்டும் நீரில் மூழ்கி இறக்குமா என வியக்க வேண்டா, இறக்கும்.

ஆகவே, நண்டின் இனத்தை அறிதல் வேண்டும். எங்ஙனம் அறிவது? நாம் முதலில் காண்பது நிறம். ஆனால் நிறத்தை நம்புதல் தகாது. ஓரினத்து நண்டுகளே வயதுக்கேற்பவும், ஓடு கழற்றும் பருவத்திற்கேற்பவும் நிறம் வேறுபடும். ஆய்வாளர் ஓட்டின் வடிவத்தையும், கண்களுக்கு இடைப்பட்ட நெற்றி விளிம்பையும், ஓட்டின் பக்க விளிம்பிலுள்ள பற்களையும், கால்களின் நீளத்தையும் நோக்குவர். பின்னர் நண்டைத் திருப்பி, அடிப்புறத்தில் மடிந்திருக்கும் வயிற்று மடலைக் காண்பர். மடல் குறுகியிருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். ஆண் நண்டின் மடலுக்கு அடியில் இனப்பெருக்கத்திற்குரிய சிறு உறுப்புகள் உள. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு இனங்கள் பெரும்பாலும் இவ்வுறுப்புகளின் வடிவிலேயே வேறுபடுகின்றன. மேலிருந்து எடுத்த நிழற்படத்தைக் காட்டி இனப்பெயர் கேட்போருக்கு உறுதியான விடை கிடைக்காமைக்கு இதுவே காரணம்.

அடுத்த வினா, நண்டு எங்குப் பிடிக்கப்பட்டது என்பது. கடல் நண்டின் இளவுயிரிகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைவு செல்லும். உண்மையான நன்னீர் நண்டுகளுக்கு அப்பருவம் இல்லை. முட்டையிலிருந்து சிறு நண்டுகளே வெளிவருகின்றன. தாய் அவற்றைத் தன் மடலில் சுமந்து திரியும். ஆதலால் ஒரு மலையின் ஓடையில் வாழும் இனம் அடுத்த மலையில் இல்லாமற் போகலாம். ஊர் தெரிந்தால் பெயர் பாதி தெரிந்ததற்கு ஒப்பாகும். வணிகத்திலோ ஊர்தான் முதலில் மறைகிறது.

இதற்குத் தக்க சான்று ‘வாம்பயர் நண்டு’. ஊதா நிற உடலும் ஒளிரும் மஞ்சள் கண்களும் கொண்ட இச்சிறு நண்டின் ஓடு இரண்டு சென்டிமீட்டர் அகலமும் இராது. பல நாடுகளின் வீடுகளில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வளர்க்கப்பட்ட பின்னரும் இதற்கு அறிவியற்பெயர் இல்லை. பீட்டர் இங், கிறிஸ்டோப் ஷூபார்ட், கிறிஸ்டியன் லூக்காவுப் ஆகிய மூவரும் 2015ஆம் ஆண்டில் இதனை இந்தோனேசியாவின் ஜாவாத் தீவுக்குரிய புதிய இனமென விளக்கி, ஜியோசெசார்மா டென்னர்லே எனப் பெயரிட்டனர். உடன் விற்கப்பட்ட சிவந்த நண்டு ஜியோசெசார்மா ஹாகென் எனும் வேறோர் இனமாயிற்று. இரண்டும் ஆய்வுக்குத் துணைநின்ற நிறுவனங்களின் பெயர்கள் என்பது சற்று விந்தையே!

பெயரில்லாத உயிரைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது அரிது. சிறு நிலப்பரப்பில் மட்டும் வாழும் இனத்தை ஆண்டுதோறும் பிடித்து விற்றால், எத்தனை எஞ்சியுள்ளன என்று கணக்கிடவும் ஆளில்லை. வளர்க்க இயலாத நண்டை அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுவோரும் உளர். அது நண்டுக்கும் நன்றன்று, குளத்திற்கும் நன்றன்று.

சொற்பொருள்: உவர்நீர் – உப்புக் கலந்த நீர்; கொடுக்கு – நண்டின் பற்றும் உறுப்பு. நண்டைக் குறிக்கும் பழஞ்சொற்கள் – அலவன், ஞெண்டு, கள்வன்.

பயிற்சி
1. பிரித்தெழுதுக: நன்னீர், அவ்விடை.
2. நிறத்தைக் கொண்டு நண்டின் இனத்தைத் துணிதல் ஏன் தகாது?
3. நீ வாழும் பகுதியின் நீர்நிலையில் காணும் நண்டு ஒன்றைப் பிடிக்காமல் உற்றுநோக்கி, அதன் ஓடு, கொடுக்கு, வாழிடம் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.