தசை சொல்லும், ஈரல் கேட்கும்



குடிப்பவருக்கே ஈரல் கெடும் என்பது நமது லயங்களில் வேரூன்றிய எண்ணம். அது பாதி உண்மையே. மது காரணமின்றியும் ஈரலில் கொழுப்பு படியும். 2009இல் வெளியான ஆய்வொன்று, ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயதுள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் காட்டிற்று. "பட்டணத்தார் உட்கார்ந்தே இருப்பவர்கள், நமக்கென்ன?" என்பீர்கள். நமது நுவரெலியா மாவட்டத்தின் இரு தோட்டங்களிலும் மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். 2011இல் வெளியான அதன் முடிவுப்படி 403 பேரில் 75 பேருக்கு இக்கொழுப்பு இருந்தது. இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோர் உடலுழைப்பு உள்ளவர்கள்.

அப்படியானால் உழைப்பு வீண்தானா? இல்லை.

வேலை செய்யும் தசை சில பொருட்களை இரத்தத்தில் சுரக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த பென்டே பீடர்சன் என்ற மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் இவற்றுக்கு 'மயோகைன்' என்று பெயரிட்டனர். அவற்றுள் ஒன்று இன்டர்லூக்கின்-6. கால்தசையின் சர்க்கரைக் கையிருப்பு குறையக் குறைய இது மிகுதியாகச் சுரந்து, சேமித்ததை வெளியே விடும்படி ஈரலுக்குச் சொல்கிறது. வயிற்றினுள் உள்ள கொழுப்பையும் இது கரைக்க உதவுகிறது. அக்கொழுப்பிலிருந்து கசிவது நேரே ஈரலுக்கே செல்கிறது என்பதை மறவாதீர்கள். கோப்பன்ஹேகனில் 12 வாரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. அப்படியே மிதித்தும், இப்பொருளின் வேலையை மருந்தால் தடுக்கப்பட்டவர்களுக்குக் குறையவில்லை. இது 2019இல் வெளியானது. உறுப்புகள் ஒன்றுக்கொன்று தேவை என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியது திருச்சபைக்கான உவமை. உடலுக்கும் அது எவ்வளவு பொருத்தம்!

காலைப் பிரட்டு முதல் மாலை வரை கூடையோடு மலையில் நிற்கும் தாயிடம் உடற்பயிற்சி செய்யச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. என் கவலை வேறு. கூடையை இறக்கி ஓய்வு பெற்றவருக்கும், ஆட்டோ ஓட்டும் மகனுக்கும், லிந்துலைக் கடையில் கணக்கெழுதும் மகளுக்கும் மலையேற்றம் நின்றுவிட்டது. கோதுமை மா ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணியும் மட்டும் பழைய அளவிலேயே தொடர்கின்றன. தசை மௌனமாகிவிட்டது. ஈரலோ வலித்துச் சொல்லாது.

இவர்கள் வாரம் 150 நிமிடம், சற்று மூச்சு வாங்கும்படி நடக்கவேண்டும். ஞாயிறு பூசைக்கு ஆட்டோ வேண்டாம்; ஏற்றத்தில் நடந்து வாருங்கள், பிந்தினாலும் சாமியார் கோபிக்கமாட்டார். உடல் எடை குறையாவிட்டாலும் ஈரல் கொழுப்பு குறையும். ஆனால் சாராயம் செய்யும் கேட்டை எந்த நடையும் ஈடுசெய்யாது. நீரிழிவோ பெருத்த வயிறோ உள்ளவர்கள், அடுத்த முறை கிளினிக் போகும்போது ஈரலைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.