ஏரிகளைத் தோண்டியது விண்கல் அல்ல

வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகள் விண்கல் விழுந்த குழிகளாம்! டொரன்டோவில் ஏரிக்கரைப் பக்கம் போனாலே யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். "பனிக்கட்டி போய்ப் பாறையைக் குடையுமா?" என்று மேற்கொண்டு ஒரு கேள்வி வேறு.

வெறும் பனிக்கட்டி குடையாதுதான். ஆனால் பனியுகத்தில் இந்த ஏரிகளின் இடத்தை மூடி, அவற்றைத் தோண்டிய லாரன்டைட் பனிப்படலத்தின் தடிமன் சில இடங்களில் 3 கிலோமீட்டர். அந்தப் பாரத்தின் அடியில் கசிந்த உருகுநீர் பாறை வெடிப்புகளில் புகுந்து, மறுபடி உறைந்து, கல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்தது. பெயர்ந்த கற்கள் பனியின் அடியில் பதிந்து, உப்புத்தாளின் மணலைப் போலத் தரையை அராவிக்கொண்டே போயின. சந்தேகமா? ஈரி ஏரியிலுள்ள கெல்லீஸ் தீவின் சுண்ணாம்புப் பாறையைப் பாருங்கள். ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமாக, 100 மீட்டருக்கு மேல் நீளமாக, வழுவழுவென்று வரிப்பள்ளங்கள். மேலிருந்து விழும் விண்கல் இப்படியா உழும்?

பனி கண்ட இடத்திலெல்லாம் தோண்டவும் இல்லை. பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் மென்மையான பாறையும் கிடைத்த இடங்களில் ஆழமாக இறங்கியது. நயாகரா சரிவின் கெட்டியான டோலமைட்டோ இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. சுப்பீரியர் ஏரியின் மிக ஆழமான இடம் கடல் மட்டத்துக்கும் 200 மீட்டருக்கு மேல் கீழே கிடக்கிறது. கடலை நோக்கி ஓடுகிற ஆறு அவ்வளவு ஆழம் வெட்டாது.

விண்கல்தான் வேண்டுமென்றால் அதே சுப்பீரியருக்குள் ஸ்லேட் தீவுகள் இருக்கின்றன. அது உண்மையான விண்கல் வடு. குறுக்களவு சுமார் 30 கிலோமீட்டர். ஏரியின் நீளம் சுமார் 560 கிலோமீட்டர். ஒரு மூலையிலிருக்கும் வடுவைக் காட்டி ஏரி முழுவதையும் விண்கல்லின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

ஏரித் தண்ணீர் பனியுகத்துத் தண்ணீர் என்பதும் பொய். மழையும் பனிப்பொழிவும் ஆறுகளுமாகச் சேர்ந்து, சுப்பீரியரின் நீர் முழுவதும் மாற ஏறத்தாழ 190 ஆண்டுகள். ஈரிக்கு 3 ஆண்டுகூட ஆகாது. ரஷ்யாவின் பைக்கால் ஏரியையும் பனிதான் தோண்டியது என்பவர்களுக்கு: அது நிலம் பிளந்து உண்டான ஏரி.

கடைசியாக, டொரன்டோ ஏரிக்கரையின் ஸ்கார்பரோ பிளஃப்ஸ் செங்குத்துச் சரிவில் செல்ஃபி எடுப்பவர்களுக்கு. நீங்கள் வேலி தாண்டிப் போய் நிற்கும் விளிம்பு பாறையல்ல. பனியுகம் விட்டுப்போன மணலும் களிமண்ணும். ஆண்டுதோறும் சரிகிறது, சிக்கியவர்களைத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்கிறார்கள். அடுக்குகளைப் பார்க்க ஆசையென்றால் அடியிலுள்ள பிளஃபர்ஸ் பார்க்கில் தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கிருந்துதான் அவை நன்றாகத் தெரியும்.