உருகியின் குறியீடு

முள்ளிக்குளத்தில் எங்கள் வீட்டுப் பழைய அம்ப்ளிபயரின் பியூஸ் எரிந்தபோது, ஏன் எரிந்ததென்று யாரும் பார்க்கவில்லை. நானா செப்புக் கம்பியொன்றைச் சுற்றிவிட்டார். சற்று நேரத்தில் கருகிய மணம் வந்தது. உம்மா ஓடிப்போய் ஆளியை அணைத்தார்.

அன்றிரவு பௌதிகவியல் புத்தகத்தில் மின்சுற்றுக் குறியீடுகளைப் பார்த்தேன். தடையியின் குறியீடு செவ்வகம். கோடு அதன் விளிம்புகளில் நின்றுவிடும். உருகியின் குறியீடும் செவ்வகமே. ஆனால் கோடு அதனூடாகச் செல்லும். மின்னோட்டம் மிஞ்சினால் உருகிச் சுற்றைத் துண்டிக்கும் மெல்லிய கம்பியே அந்தக் கோடு.

உருகியைத் தெரிய, கருவியின் வலுவை அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 115 வாற்றை 230 வோல்ற்றால் வகுத்தால் 0.5 அம்பியர். ஆகவே 1 அம்பியர் உருகி போதும். நானா சுற்றிய செப்புக் கம்பியோ பல அம்பியரையும் தாங்கும். அதற்குள் கருவி எரிந்துவிடும்.

உருகியில் 250 வோல்ற்று என்றும் எழுதியிருக்கும். கம்பி உருகிய இடைவெளியில் மின்பொறி தொடராமல் நிறுத்தக்கூடிய உச்ச அழுத்தம் அது. எனவே 32 வோல்ற்று வாகன உருகியை வீட்டு மின்னுக்குப் போடக்கூடாது.

தோழியரே, உருகி மனிதரைக் காப்பதற்கானதல்ல. சில பத்து மில்லிஅம்பியரே உயிரைப் பறிக்கும். அதற்கு 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். செருகியைக் கழற்றிய பின்னும் கொள்ளளவியில் ஏற்றம் தங்கியிருக்கும், உடனே தொடாதீர்கள்.

மறுநாள் நானா அம்ப்ளிபயரைத் திருத்துபவரிடம் கொடுத்தார். உள்ளே குறுஞ்சுற்று இருந்தது. பியூஸ் அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கிறது.