கண்புரை: காரணங்களும் வகைகளும்



"புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று பெரியவர்களிடம் இன்னும் சொல்லிவருகிறோம். அது பழைய காலத்து ஆலோசனை.

கண்பாவைக்குப் பின்னால் தெளிந்த லென்ஸ் ஒன்று உண்டு. அதிலுள்ள புரதம் திரிந்து மங்குவதே கண்புரை. அது கண்ணின்மேல் படரும் சதையன்று.

லென்ஸின் நடுவில் தோன்றும் புரை முதுமையில் மெல்ல வளரும். தூரப்பார்வை குறையும், சிலர் கண்ணாடியின்றி வாசிக்க முடிவதால் கண் தேறிவிட்டதென்று நினைப்பார்கள். ஓரத்தில் தோன்றுவது சக்கரத்தின் ஆரக்கால்போல் உள்நோக்கிப் பரவும். பின்னுறையில் தோன்றுவது விரைவில் வளரும். வெளிச்சத்தில் கண் கூசும். சர்க்கரை நோயும், நீடித்து உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் இதற்குக் காரணமாகலாம். புகைபிடித்தல், கடும் வெயில், கண்ணில் பட்ட அடி ஆகியவையும் புரையை உண்டாக்கும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால் குழந்தை புரையோடு பிறக்கலாம்.

சொட்டு மருந்தால் புரை கரையாது. அறுவை சிகிச்சையே வழி. 1949-ல் லண்டனில் டாக்டர் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகச் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அம்முறை வளர்ந்து பரவியபின், முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முற்றிய புரை சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்தி நரம்பையே கெடுத்துவிடும். அப்படிப் போன பார்வை திரும்பாது. குழந்தையின் கண்பாவை வெண்மையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதியாதீர்கள்.

வரும் ஞாயிறு ஆராதனையில், பாட்டுப் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்திருக்கும் முதியவரைக் கண்டால், கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.