எல்லைப்புறக் கிராமங்களில் மின்சுற்று ஒப்புருவாக்கம்: ஒலிப் பெருக்கியின் மின்வழங்கி – ஒரு பாடம்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரம் கேரளத்தின் தென்கோடி. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்குகின்றன. கோயில் திருவிழாக்களும் மாதா கோயில் பெருவிழாக்களும் நிறைந்த இவ்வூர்களில் ஒலிக்கருவிகளை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும் சிறு முதலில் நடத்தக்கூடிய தொழில்கள்.

சிறு முதலில் நடைபெறும் தொழிலுக்கு ஒரு தவறான கொள்முதலே பெருஞ்சுமையாகிவிடும். பெருக்கியின் உறுப்புகளில் விலை மிகுந்தவற்றுள் ஒன்று மின்மாற்றி. அதைச் சுற்றி வாங்கிய பின்னர் பிழை தெரிந்தால் செம்பும் கூலியும் வீணாகும். வாங்குவதற்கு முன்பே பிழையைக் காண வழி உண்டா என்பதே இங்கு நம் கேள்வி.

கணக்கு

8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட் திறன் தரும் பெருக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியீட்டின் உச்ச மின்னழுத்தம் ஏறத்தாழ 28.3 வோல்ட், உச்ச மின்னோட்டம் 3.5 ஆம்பியர். தொடர்ந்து சைன் அலை ஒலிக்கையில் மின்வழங்கியின் ஒவ்வொரு பக்கமும் தரவேண்டிய சராசரி மின்னோட்டம் சுமார் 1.1 ஆம்பியர். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் தமக்கென 2.5 வோல்ட் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், மின்வழங்கி எந்தக் கணத்திலும் 30.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது.

24-0-24 வோல்ட் மின்மாற்றியின் உச்சம் 33.9. டையோடில் ஒரு வோல்ட் கழிந்தால் சுமார் 33. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. முழு அலைத் திருத்தத்தில் மின்தேக்கி விநாடிக்கு 100 முறை நிரம்புகிறது. மின்னோட்டத்தை 100 ஆலும் மின்தேக்கியின் அளவாலும் வகுத்தால் சிற்றலை கிடைக்கும். 4,700 மைக்ரோஃபாரடுக்கு அது சுமார் 2.4 வோல்ட். ஆகவே அடிமட்டம் 30.6. தேவைக்கு மயிரிழையே குறைவு என்று மனம் நிறைவடையக்கூடும்.

ஆனால் கிராமத்துக் கம்பியின் கடைசி வீட்டில் மாலை வேளையில் 230 வோல்ட் 207 ஆகக் குறைகிறது என்று கொள்வோம். அடிமட்டம் 27.1 ஆகிவிடும். ஒலியின் உச்சங்கள் வெட்டுண்டு, பாட்டு கரகரக்கும். மின்தேக்கியை 10,000 மைக்ரோஃபாரடாக உயர்த்தினாலும் 28.4க்கு மேல் வராது. அச்செலவு பயன் தரவில்லை. 27-0-27 மின்மாற்றி எடுத்தால், பழைய மின்தேக்கியுடனேயே, அதே குறைந்த மின்னழுத்தத்தில் 31 வோல்ட் கிடைக்கும். எனினும் நள்ளிரவில் மின்னழுத்தம் பத்து விழுக்காடு உயர்ந்தால் மின்தேக்கியின் மேல் 41 வோல்ட் ஏறும். 35 வோல்ட் மின்தேக்கி அதைத் தாங்காது. 50 வோல்ட் வகையே வேண்டும்.

மென்பொருளின் பணி

மேற்கண்ட கணக்கில் மின்மாற்றிச் சுருளின் தடையைச் சேர்க்கவில்லை. டையோடுகள் உச்சத்தை ஒட்டிய சிறு நேரமே கடத்துவதால், அவற்றில் பாயும் மின்னோட்டம் சராசரியைப் போலப் பல மடங்கு. அப்பொழுது சுருளில் இழக்கப்படும் மின்னழுத்தத்தைக் காகிதத்தில் கணிப்பது கடினம். மென்பொருள் அதனைக் கணத்துக்குக் கணம் கணக்கிட்டு வரைபடமாகக் காட்டுகிறது. மின்னழுத்தத்தை 207, 230, 253 என மாற்றி மும்முறை இயக்கிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும்.

இவ்வகை மென்பொருள்களுக்கு மூலமானது ‘ஸ்பைஸ்’. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சன் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய இது 1973இல் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. பல்கலைக்கழகம் இதைத் தாராளமாக வழங்கியதால் உலகெங்கும் பரவியது. அதன் வழிவந்த ‘என்ஜிஸ்பைஸ்’ விலையின்றிக் கிடைக்கிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ‘ஃபாஸி’ திட்டம் இதனை உள்ளடக்கி ‘ஈசிம்’ என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கியுள்ளது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய இயக்கம் ஒன்றின் நிதியில் நடைபெறும் திட்டம் இது.

எச்சரிக்கை

மென்பொருள் நாம் கொடுத்ததையே திருப்பித் தரும். சுருளின் தடையைச் சுழி என்று எழுதினால், சாவியைப் போட்டவுடன் பாயும் மின்னோட்டம் நம்பத்தகாத அளவு பெரியதாகத் தோன்றும். எனவே முதலில் தடையை மீட்டரால் அளந்து இட வேண்டும். முதன்மைச் சுருளின் தடையை, சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்து, துணைச் சுருளின் தடையுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். இறுதியில் உண்மையான சுமையுடன் சோதித்தலும் இன்றியமையாதது. 230 வோல்ட்டில் வேலை செய்யும்போது உருகியும் நில இணைப்பும் கட்டாயம். அவற்றுக்கு மாற்றாக எந்த மென்பொருளும் அமையாது.

நாம் செய்யத்தக்கது

கெல்ட்ரான் நிறுவனம் 1973இலேயே தோன்றிய மாநிலம் கேரளம். அதன் பள்ளிகளிலும் கட்டற்ற மென்பொருள் வழியே கணினி கற்பிக்கப்படுகிறது. தனுவச்சபுரத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் நெய்யாற்றின்கரையில் அரசுப் பாலிடெக்னிக்கும் உள்ளன. கருவியும் இடமும் இருக்க, குறையாக நிற்பது தாய்மொழியில் அமைந்த பாடம். மேற்கண்ட கணக்கைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பயிற்சி ஏடாக அமைத்து, பழுதுபார்க்கும் இளைஞர்களுக்கு மாலை வகுப்பாக நடத்தலாம். பெருமுதலீடு தேவைப்படாத திட்டம் இது. வீணாகும் ஒரு மின்மாற்றியை அது தடுத்தாலும், சிறு தொழிலாளி ஒருவரின் முதல் காப்பாற்றப்படுகிறது. வளர்ச்சியின் கணக்கில் அதுவும் சேமிப்பே.