மெஸ் இல்லாத ஹாஸ்டல்

கேள்வி: என் மகன் முதுகலை படிக்க ஜெர்மனி போகிறான். மாணவர் விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: மணியடித்ததும் தட்டோடு வரிசையில் நிற்கும் நம்மூர் ஹாஸ்டலை மறந்துவிடுங்கள். அங்கே மெஸ்ஸும் இல்லை, வார்டனும் இல்லை. தனி அறை, பெரும்பாலும் பொதுச் சமையலறை, ஃபிரிட்ஜில் அவனுக்கென்று ஒரு தட்டு. மதியத்துக்குப் பல்கலைக்கழக ‘மென்சா’ உண்டு. வெளி ஓட்டலைவிட மலிவு. ராத்திரிக்கு அவனேதான் கரண்டி பிடிக்க வேண்டும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். வற்றல் மிளகாய்ப் புகைக்கு அலாரம் அலறினால், மொத்தக் கட்டடமும் தூக்கக் கலக்கத்தோடு தெருவுக்கு வந்துவிடும்!

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். அரிசி, பாலை சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். இரவு 10 முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது. காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில் போடவேண்டாம். கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வரும்.

ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். ‘என்னிடம் டி.வி.யே இல்லையே’ என்று கிழித்துப் போட்டுவிடப் போகிறான். டி.வி. இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்பவர்கள் சேர்ந்து ஒரு கட்டணம் கட்டினால் போதும்.

குக்கர் தாராளமாகக் கொடுத்தனுப்புங்கள். அடிப்பகுதி தட்டையாக இருக்கட்டும், அங்கே மின்சார அடுப்புதான். விசில் என்றால் என்னவென்று மட்டும் முதல் நாளே பக்கத்து அறைக்காரர்களிடம் சொல்லிவைக்கட்டும்.